முறிந்த பாதமும் ஈர்யா சமிதியும்



முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கி, சிற்றுயிர் மிதிபடாமல் அடிவைப்பதை ஈர்யா சமிதி என்கிறது சமண நெறி. குன்னூர், உதகைத் தேயிலைச் சரிவுகளில் மழைநாளில் நடப்போர்க்கு அது தற்காப்பும் ஆகும். ஈரப் பாறையில் பாதம் உட்புறம் மடங்கினால், சுண்டுவிரலை ஒட்டிய ஐந்தாம் பாத எலும்பு எளிதில் முறியும்.

அவ்வெலும்பின் அடிநுனி பெயர்ந்தால் 6 முதல் 8 வாரங்களில் பெரும்பாலும் கூடிவிடும். சற்று முன்னே, குருதியோட்டம் குறைந்த இடத்தில் முறிந்தால் தாமதமாகும். சிலருக்குத் திருகாணி பொருத்தவும் நேரும். 1902இல் இதனை விவரித்த லிவர்பூல் மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ், நடனமாடுகையில் தம் காலையே முறித்துக்கொண்டவர்!

வீக்கம் வடிந்ததும் கொழுந்துக் கூடையைச் சுமப்பது பெரும் பிழை. வலி தணிவது வேறு, எலும்பு கூடுவது வேறு. நாட்கூலியை நம்பிய வீட்டில் இதைச் சொல்வது எளிது, கடைப்பிடிப்பது அரிது.

மருந்தில் சமணர்க்கு ஒரு சங்கடமும் உண்டு. குளிகைகள் பலவற்றின் மேலுறை, விலங்கின் தோல், எலும்புகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து ஆக்கப்படுகிறது. லைக்கனிலிருந்து ஆக்கியதும் உண்டு. மருத்துவரிடம் மாற்றுக் கேட்கலாம். கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அந்தி சாயுமுன் அருந்தும் கூழுக்கு அது மிக ஏற்றது.

கட்டு அவிழ்த்தபின் ஊன்றுகோலுடன் சமதரையில் நடந்து பழகுவதே முறை. ஆலயப் படிகள் சில வாரம் காத்திருக்கும்.