மன்னிப்புப் பாடத்துக்கு அவசரம் வேண்டாம்

கிளிநொச்சி வெயிலில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நீட்டி முழக்குவது பாவம். விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்டர் தம்பி தங்கையரே, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கும் உங்கள் வேலை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை இருந்தது. 1687இல் ஜோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கினார். அவரும் பின்வந்த தோழர்களும் ஓர் ஊரை விட்டுப் போனால் மறுபடி எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த இடைவெளியில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவர்கள் ஊர் மூப்பரும் அண்ணாவியும்தான். ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்து, 1884இல், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி மாணவர்கள் பிராங்க் சான்டர்ஸ் என்ற இளம் ஆசிரியரோடு சேர்ந்து கிறிஸ்தவ வாலிபர் சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சங்கம் எழுவைதீவுப் பிள்ளைகளின் படிப்பையும் தன் பொறுப்பில் எடுத்தது. ஆகவே படிக்கிற வயதிலேயே படிப்பிக்கவும் போவது எங்களுக்குப் பழக்கமான காரியம்.

ஆனால் உங்களுக்கு முன்னால் உட்காரும் பிள்ளை வேறு. யுத்தம் முடிந்த 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் கைக்குழந்தையாக இருந்தவர்கள் வளர்ந்து உயர்தர வகுப்புக்கு வந்துவிட்டார்கள். உங்களிலேயே அப்படிச் சிலர் இருக்கக்கூடும். நீங்கள் படிப்பிக்கப்போகும் பிள்ளைகளோ யுத்தத்தைக் காணாதவர்கள். காணாவிட்டாலும், மாலை போட்ட படங்களுக்குக் கீழேதான் அவர்கள் சாப்பிட்டு வளர்கிறார்கள். மாலை போடலாமா கூடாதா என்று இன்னும் முடிவெடுக்காத படங்களும் சில வீடுகளில் உண்டு.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி இதே ஊரில், கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பதில் கேட்டு வந்து அமர்ந்தார்கள். அவர்களில் ஒருவரின் பேரப்பிள்ளை உங்கள் மறைக்கல்வி வகுப்பில் இருக்கலாம். ஒரு நாள் பாடத்திட்டத்தில் மன்னிப்பு வருகிறது. நீங்கள் படம் கீறி, பாட்டுப் படிப்பித்து, அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுவீர்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மம்மாவிடம், "எல்லாரையும் மன்னிக்கட்டாம்" என்று சொன்னால், அந்தக் கிழவி என்ன செய்வாள்? யாரை மன்னிப்பது? மகனுக்கு என்ன நடந்தது என்றே அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லையே!

மன்னிப்பை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வேதாகமத்தில் அது எப்படி வருகிறதோ அப்படியே படிப்பியுங்கள். யோசேப்பை அண்ணன்மார் விற்றார்கள். பஞ்சத்தில் தானியம் கேட்டு அவர்கள் வந்து நின்றபோது அவன் உடனே கட்டிப்பிடித்து அழவில்லை. தன்னை மறைத்துக்கொண்டு சோதித்தான். தம்பி பென்யமீனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று யூதா முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினான். உண்மை முதலில் வந்தது, கட்டித்தழுவல் பிறகு வந்தது. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

வரி வசூலித்த சக்கேயுவின் கதையும் அப்படித்தான். அவன் மரத்தில் ஏறியதைப் பிள்ளைகள் நடித்துக்காட்டுவார்கள், எல்லாரும் சிரிப்போம். அவன் ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொன்ன இடத்தில்தான் வகுப்பு சற்று நிற்க வேண்டும். நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்க, அம்மா அடுப்படிக்குள் ஒளிந்ததைக் கண்ட பிள்ளைக்கு அந்த இடம் நீங்கள் விளக்காமலே விளங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். எங்கள் பாடசாலைகளில் சைவப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். சமய பாடத்துக்கு மட்டும் பிரிந்து போய், மணி அடித்ததும் திரும்பி வந்து ஒரே போத்தலில் தண்ணீர் குடிக்கிறார்கள். அந்த வாங்கைப் பிரித்துவிட்டு எந்த விழுமியத்தைப் படிப்பிக்கப் போகிறீர்கள்? வேறு சமயப் பிள்ளையைப் பிஸ்கற்றும் கொப்பியும் காட்டிக் கூப்பிடுகிறவர் தொண்டர் இல்லை, வியாபாரி. தாய் தகப்பனுக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையும் வகுப்பில் இருக்கக்கூடாது. தனியாக ஒரு தொண்டர் தனியாக ஒரு பிள்ளையோடு இருக்கவும் கூடாது. எப்போதும் இரண்டு பேராகப் போங்கள். வருகிறேன் என்று சொன்ன ஞாயிறு கட்டாயம் வாருங்கள். சொல்லிவிட்டு வராமல் போனவர்களை இந்த வன்னி நிறையக் கண்டுவிட்டது.

கடைசியாக, ரியூசன் ஆசிரியர்கள் சிலரும் இங்கே வந்திருக்கிறீர்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கணித வகுப்பு வைத்தால் மறைக்கல்விக்கு யார் வருவது? கோயில் அறநெறிப் பாடசாலைக்காரரும் இதே குறையைத்தான் சொல்கிறார்கள். அவர்களையும் அழைத்து, பத்து மணிக்கு முன் வகுப்பு இல்லை என்று ஒரு முடிவுக்கு வருவோம். கூட்டம் முடிந்ததும் பின்பக்க மேசையில் நான் இருப்பேன். பங்குத்தந்தையும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பேசிவிட்டே போகலாம்.