பரம்பரை இதயத் தசை நோய்: மரபணுப் பரிசோதனை முதலில் யாருக்கு?

(சங்கத்தின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் இதய மருத்துவர் ஆற்றிய உரை.)



மாரடைப்பு என்றதும் ரத்தக் குழாய் அடைப்புதான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது வேறு நோய். இதில் இதயத்தின் தசையே தடித்துப்போகிறது. ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி என்று பெயர். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. சிலருக்கு ஓடும்போது மயக்கம், படபடப்பு, மூச்சு வாங்குதல் வரும். அபூர்வமாக, முதல் அறிகுறியே திடீர் மரணமாகிவிடுகிறது.

பெரும்பாலும் இது பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணுப் பிழை இருந்தால், மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு.

“அப்படியானால் எல்லோருமே டெஸ்ட் எடுத்துவிடலாமா டாக்டர்?” என்று கேட்பீர்கள். வேண்டாம். தெற்காசியர்களில் 100க்குச் சுமார் 4 பேரிடம், இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2009இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த மாற்றத்தோடு நோயில்லாமல் வாழ்பவர்களும் உண்டு. காரணமில்லாமல் எடுத்த டெஸ்ட் பயத்தைத்தான் தரும்.

முதலில் எடுக்க வேண்டியவர், குடும்பத்தில் நோய் உறுதியானவர். கொஞ்சம் ரத்தம் போதும். அவரிடம் பிழை இன்னதென்று தெரிந்தால், உறவினர்களுக்கு அதை மட்டும் தேடினால் போதும். அது இல்லாத பிள்ளை, காலமெல்லாம் எக்கோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இருக்கிற பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இசிஜி, எக்கோ பார்த்துக்கொள்ள வேண்டும்.

நோயாளியிடமே பிழை எதுவும் கிடைக்காமல் போகலாம். பலருக்கு அப்படித்தான் ரிப்போர்ட் வருகிறது. ‘நெகட்டிவ்’ என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அவருடைய பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எக்கோ பார்ப்பதைத் தொடர வேண்டும். ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’ என்று வந்தாலும் அப்படியே. அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

வரன் தட்டிப்போகும் என்று சில வீடுகளில் இதை மறைக்கிறார்கள். அண்ணனுக்கு இருப்பதைத் தங்கையிடம் சொல்லாவிட்டால், அவள் எப்படிப் பரிசோதித்துக்கொள்வாள்? மாத்திரை இருக்கிறது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு, இதயத் துடிப்பு தாறுமாறானால் சரிசெய்யும் ஐசிடி கருவியும் இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: நம் குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஆம் என்றால், அந்த விவரத்தோடு இதய மருத்துவரைப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.