இரண்டாம் வரிசைப் பந்தயம்

ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா எத்தனை முறை தங்கப் பதக்கம் பெற்றது என்று கேட்டால், விளையாட்டில் சிறிதளவு பற்றுள்ளவர்களும் எட்டு முறை என்று உடனே விடை கூறிவிடுவர். 2008-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஐதராபாத் நகரில் நடைபெற்ற ஹாக்கிப் பந்தயம் எது, அதில் வெற்றி பெற்றவர் யார் என்று கேட்டால், விடை கூறுவோர் மிகச் சிலராகவே இருப்பர். அது இளைஞர்களுக்கான ஆசியக் கோப்பைப் பந்தயம். இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோர் மட்டுமே ஆடுவது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தப் பந்தயத்தையும், அதைப் போன்று இரண்டாம் வரிசையில் நிற்கும் பிற பந்தயங்களையும் பற்றியே.

உலக ஹாக்கியில் ஒலிம்பிக்கும் உலகக் கோப்பையும் மேல்தளம். அந்தத் தளத்துக்கு எல்லா நாடுகளும் நேரே சென்றுவிட முடியாது. முன்னாளில் சாம்பியன்ஸ் டிராஃபி என்னும் பந்தயத்தில் முன்னணி நாடுகள் சிலவே ஆடி வந்தன. எஞ்சியவர்கள் என்ன செய்வது? அவர்களுக்காகவே 2001-இல் சாம்பியன்ஸ் சாலஞ்ச் என்ற பந்தயம் தோற்றுவிக்கப்பட்டது. அதில் வெல்பவருக்கு மேற்பந்தயத்தின் கதவு திறக்கும். முதல் முறையாக அது கோலாலம்பூரில் நடந்தபோது, இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 2-1 என்ற கணக்கில் வென்றது இந்தியாவே. அதன் பயனாக மறு ஆண்டு கொலோன் நகரில் நடந்த சாம்பியன்ஸ் டிராஃபியில் நம்மவர்கள் ஆடினர்.

ஆயினும், எட்டு முறை ஒலிம்பிக் தங்கம் பெற்ற நாடு இத்தகைய பந்தயத்தில் ஆடுவதே இழுக்கு என்று கருதியவர்கள் நம்மிடையே பலர். பழம் பெருமை உடைய குடும்பத்தினர் வாடகை வீட்டில் குடியிருப்பதைச் சொல்லக் கூசுவது போன்றது இது. எனக்கு இந்தக் கூச்சம் நியாயமாகத் தோன்றவில்லை. பெல்ஜியத்தைப் பாருங்கள். 2007-இல் இதே சாம்பியன்ஸ் சாலஞ்ச் பந்தயத்தைப் பூம் என்ற தனது சிற்றூரில் அந்நாடு நடத்தியது. 2011-இல் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியாவை 4-3 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்து 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி, 2018-இல் நம் புவனேசுவரத்திலேயே உலகக் கோப்பை, 2021-இல் டோக்கியோவில் தங்கம்! கீழ்ப்படியில் கால் வைக்க அவர்கள் கூசவில்லை.

இனி ஐதராபாத்துக்கு வருவோம். ஹாக்கி அந்த நகருக்குப் புதிதன்று. இரட்டை நகரமாகிய செகந்தராபாத் பெரியதொரு படைமுகாம். படைமுகாம் இருந்த இடங்களிலெல்லாம் ஹாக்கி வேரூன்றியது நாடறிந்த செய்தி. பார்சிலோனா, அட்லாண்டா, சிட்னி ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் ஆடிய முகேஷ் குமார் ஐதராபாத்காரரே. 2002-இல் தேசிய விளையாட்டு விழாவும், 2003-இல் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டு விழாவும் அந்நகரில் நடைபெற்றன. அவற்றையொட்டி நகரின் மேற்கே கச்சிபௌலியில் புதிய அரங்குகள் எழுந்தன.

ஆப்பிரிக்க-ஆசிய விழாவும் ஒரு வகையில் இரண்டாம் வரிசையைச் சேர்ந்ததே. 1983-இல் புது தில்லியில் நடத்துவதாக இருந்து தள்ளிப்போய், இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரே ஒரு முறை நடந்து முடிந்தது. அதன் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 3-1 என்று வென்றது. புனாவை அடுத்த கிர்க்கியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த தன்ராஜ் பிள்ளை அப்போது நம் தலைவர்.

ஐந்து ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 2008 மார்ச்சில் சிலி நாட்டுச் சாந்தியாகோ நகரில் நடந்த தகுதிப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில் இந்தியா பிரிட்டனிடம் 0-2 என்று தோற்றது. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் முதன்முதலாக ஒலிம்பிக் ஹாக்கியில் இறங்கியது முதல் எண்பது ஆண்டுகளில் ஒரு தடவையேனும் தவறாத நாடு, பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் செல்ல இயலாது போயிற்று. அடுத்த மாதமே இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்யப்பட்டது. ஆட்டத்தை நிருவகிக்கத் தற்காலிகக் குழு ஒன்று வந்தது. ஹாக்கி இந்நாட்டில் மடிந்தே போயிற்று என்று அந்நாளில் எழுதியவர்களுக்குக் குறைவில்லை.

இந்த நிலையில்தான் ஜூலைத் திங்களில் ஐதராபாத்தில் இளைஞர் ஆசியக் கோப்பைப் பந்தயம் கூடியது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கராச்சியில் இக்கோப்பையை வென்றிருந்த இந்தியா, அதைக் காக்க வேண்டிய நிலையில் இருந்தது. இறுதி ஆட்டத்தில் எதிர்த்து நின்றது தென்கொரியா. 3-2 என்ற கணக்கில் நம் இளைஞர்கள் வென்றனர். ஒரே ஒரு கோல் வேறுபாடு! அந்தப் பந்தயத்தின் சிறந்த கோல் காவலர் என்ற பரிசு, கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கிழக்கம்பலம் என்ற ஊரைச் சேர்ந்த ஓர் உயரமான இளைஞருக்கு வழங்கப்பட்டது. அவர் பெயர் பி. ஆர். ஸ்ரீஜேஷ். வயது இருபது.

அவர் உழவர் வீட்டுப் பிள்ளை. திருவனந்தபுரத்து ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் ஹாக்கி கற்றவர். கோல் காவலருக்கு வேண்டிய கால்காப்புகளும் கவசமும் விலை மிகுந்தவை. அவற்றை வாங்கித் தரத் தந்தை வீட்டுப் பசுவை விற்றார் என்ற செய்தி பிற்காலத்தில் பலரும் அறிந்ததாயிற்று.

கோல் காவலரின் பணி எத்தகையது என்பதை நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் காக்க வேண்டிய வாயில் பன்னிரண்டு அடி அகலமும் ஏழு அடி உயரமும் உடையது. எதிரிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்துவிட்டால், அவருடன் நான்கு பேர் மட்டுமே கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். மட்டையால் இழுத்து எறியப்படும் பந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வந்து பாயும். பந்தைக் கண்டபின் முடிவு செய்வது என்பதற்கு அங்கே நேரமில்லை. எறிபவரின் தோளையும் மணிக்கட்டையும் கண்டே பந்து செல்லும் திசையை உணர வேண்டும். இந்த உணர்வு வீட்டுத் திடலில் தனியே பயில்வதால் வருவதில்லை. கொரியர் ஒரு விதமாக எறிவர், பாகிஸ்தானியர் வேறு விதமாக எறிவர். பல நாட்டவரை எதிர்த்துப் பலமுறை நின்றவனுக்கே அது கைவரும். இளம் வயதில் அதற்கு இடம் தருபவை இந்தச் சிறிய பந்தயங்களே.

பலன் உடனே விளைந்துவிட்டது என்று நான் கூறவில்லை. மறு ஆண்டு இளைஞர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு ஒன்பதாம் இடமே கிடைத்தது. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோற்றுக் கடைசி இடமாகிய பன்னிரண்டாம் இடத்தில் நின்றனர். ஐதராபாத் வெற்றியைச் சுட்டிக்காட்டி அன்று எவரேனும் நம்பிக்கையூட்ட முயன்றிருந்தால் நகைப்புக்கே இடமாகியிருப்பார். ஆனால் 2014-இல் இன்ச்சியான் ஆசிய விளையாட்டில் பாகிஸ்தானுடன் இறுதி ஆட்டம் சமனாக முடிய, தனித்தனியே கோல் அடிக்கும் முறையில் வெற்றி முடிவு செய்யப்பட்டபோது, இரண்டு முயற்சிகளைத் தடுத்துப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் தங்கத்தை நாட்டுக்குக் கொணர்ந்தவர் ஸ்ரீஜேஷ்.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள், டோக்கியோ. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம். இந்தியா 5, ஜெர்மனி 4. ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருக்கையில் ஜெர்மானியருக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. அது கோலாகியிருந்தால் கணக்குச் சமனாகியிருக்கும். பந்து வந்தது, ஸ்ரீஜேஷ் தடுத்துவிட்டார். நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்கு ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம்! ஆட்டம் முடிந்ததும் அவர் கோல் சட்டத்தின் மேலேறி அமர்ந்துகொண்ட படத்தை நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2024-இல் பாரிசிலும் வெண்கலம் பெற்ற பின் அவர் ஓய்வு பெற்றார். அவர் அணிந்த 16-ஆம் எண் சட்டை முதுநிலை அணியில் இனி எவருக்கும் இல்லை என்று அறிவிக்கப்பட்டது.

அதன் பின்னர் அவர் எங்கே சென்றார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மீண்டும் இளைஞர்களிடமே சென்றார், இம்முறை பயிற்சியாளராக. 2025 நவம்பர், டிசம்பர் திங்கள்களில் இளைஞர் உலகக் கோப்பைப் பந்தயம் சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. முதன்முறையாக இருபத்து நான்கு நாடுகள் அதில் பங்கேற்றன. ஹாக்கி மட்டையைக் கையில் தொட்டறியாத மதுரைச் சிறுவர்கள் பலர் திடலைச் சுற்றி நின்று ஆர்ப்பரித்தனர். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் டிசம்பர் 10-ஆம் நாள் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் நம் இளைஞர்கள் அர்ஜெண்டினாவை 4-2 என்று வென்றபோது, ஐதராபாத்தில் பரிசு பெற்ற அந்தப் பழைய கோல் காவலர் திடலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.