நிறமறியாக் கண்ணும் நிழற்படமும்



எடப்பாடியில் நின்று நிறத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். பாவில் ஓரிழை நிறம் பிறழ்ந்தாலும் கண்டுகொள்ளும் தறிக்காரர்கள் நிறைந்த ஊர் இது. ஆதலின் நிறமே இல்லாத உலகைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

சிவப்பும் பச்சையும் மயங்கும் குறை பலருக்கு உண்டு. நான் கூற வந்தது அதுவன்று. கருமை, வெண்மை, இடைப்பட்ட சாம்பல் இவையன்றி வேறெதுவும் அறியாத பிறவிப் பார்வை. ஏறத்தாழ முப்பதாயிரவருள் ஒருவருக்கு வாய்ப்பது. விழித்திரையில் நிறமறியும் கூம்புச் செல்கள் தொழிற்படாமல், மங்கிய ஒளிக்குரிய கோல் செல்களே பார்வை முழுவதையும் சுமக்கின்றன. நண்பகலில் கண் கூசும். விழி நிலைகொள்ளாது அசையும். கரும்பலகை எழுத்துத் தெரியாது. அந்தி சாய்ந்தபின்னரே கண் இயல்பாகத் திறக்கும்.

பசிபிக் கடலில் பிங்கலாப் என்னும் சிறு தீவு. 1775ஆம் ஆண்டையொட்டி வீசிய புயலில் இருபதின்மர் அளவிலேயே பிழைத்தனர். அவர் வழியினருள் நூற்றுக்கு நால்வர் முதல் பதின்மர் வரை இப்பார்வையுடையோர். 1994இல் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அங்குச் சென்றபோது, தாமே நிறமறியாதவரான நார்வே நாட்டுப் பார்வையியல் அறிஞர் குனுட் நோர்ட்பியும் உடன் சென்றார். பின்னர், 2015இல் சென்ற பெல்ஜியப் புகைப்படக் கலைஞர் சான டி வில்ட், தாம் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களை நிறமறியாதவரிடம் கொடுத்து நீர்வண்ணம் தீட்டச் செய்தார். எது எந்நிறம் என்று அறியாத கை தீட்டிய வண்ணம்! ஓவிய ஆசிரியர் எவரும் அதில் பிழை காண இயலாது.

இத்தகையோர்க்குப் புகைப்படம் பொழுதுபோக்கு மட்டுமன்று. பூலாம்பட்டியில் நண்பகல் வெயிலில் மின்னும் காவிரியை அவர்களால் விழித்து நோக்க இயலாது. ஆனால் அதைப் படமாக்கிவிட்டால், மாலையில் நிழலில் அமர்ந்து, கண்ணருகே பிடித்து, அலை அலையாகக் காணலாம். வெயில் மறைத்ததை நிழற்படம் மீட்டுத் தருகிறது. நிறம் உதிர்ந்தபின் எஞ்சுவன ஒளியும் நிழலும் வடிவும் அல்லவா? 1858இல் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒன்றாய் இணைத்தார். அவற்றில் நிறமில்லை, எழுத்தின் அழகுக்கு அதனால் குறைவுமில்லை.

இன்னொன்று. கோல் செல்களுக்குச் செந்நிற ஒளி ஏறத்தாழப் புலப்படாது. எனவே சிவப்பு அவர்களுக்குக் கருமையாகவே தோன்றும். செந்நிறம் உணராத பழைய பிலிம்களும் அத்தன்மையவே. அவற்றில் எடுத்த திருமணப் படங்களில் மணப்பெண்ணின் குங்குமம் கரும்பொட்டாய் இருக்கும். கறுப்பு, சிவப்பு என்னும் இருசொற்களையும் சினத்திற்கும் நிறத்திற்கும் உரியனவாகத் தொல்காப்பியர் அடுத்தடுத்து வைத்தது நினைவுக்கு வருகிறது. அவர் கருதியது வேறு. ஆயினும் இக்கண்ணுடையோர் அவ்விணைப்பைக் கண்டு புன்முறுவல் பூப்பர்.

பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுடைய மரபணு வந்தாலன்றி இது தோன்றாது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கில் அவ்வாய்ப்பு மிகுதி. இதைப் பூசி மெழுகுவதில் பயனில்லை. குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அடர்சிவப்புக் கண்ணாடி கூச்சத்தைத் தணிக்கும். வெயிலில் கண்ணை இடுக்கும் பிள்ளையை மந்தமென்று கடைசி வரிசைக்கு அனுப்பும் ஆசிரியர்கள் இன்றும் உளர். அப்பிள்ளைக்கு வேண்டியவை முன்வரிசையில் சன்னலுக்கு முதுகு காட்டிய ஓரிடம், பெரிய எழுத்து, ஒரு கண் மருத்துவர். இயன்றால், கையில் ஒரு கேமரா.