வெட்டுகிற மெஷினும் பொறுக்குகிற கையும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் செம்பனையைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் நினைக்கலாம். பால்மரமும் செம்பனையும் சோறு போடாத குடும்பம் நம் சிரம்பான் வட்டாரத்தில் எத்தனை இருக்கும்? ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று சொந்தமாக வைத்திருப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: "மெஷின் வாங்கினா காய்ப்பு கூடுமாங்க?"

கூடாது. மரத்தில் இல்லாத குலையை எந்த மெஷினும் வெட்டித் தராது. நம் நாட்டில் காய்ப்பைக் கூட்டியது ஒரு சின்ன வண்டு! முன்பெல்லாம் பெண் பூவின் மேல் மகரந்தத் தூளை ஊதிவிடத் தோட்டங்களில் தனி ஆட்கள் இருந்தார்கள். 1981இல் கேமரூன் நாட்டு வண்டை ஜொகூர், குளுவாங் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். அது பூவுக்குப் பூ தாவி அந்த வேலையைச் செய்தது. குலையில் பழம் பிடிப்பதும் கூடியது, தூள் ஊதும் ஆட்களின் வேலையும் போயிற்று.

மெஷினின் வேலை வேறு. மரத்தில் உள்ளதை வீணாக்காமல் இறக்குவதுதான் அது. பத்துப் பதினைந்து நாளுக்கொரு முறை வெட்டுச் சுற்று வரவேண்டும். தள்ளிப்போனால் பழம் உதிரும், அழுகும், எண்ணெயில் அமிலம் ஏறும். ஆலையில் விலையைக் குறைத்துவிடுவார்கள். 2020இல் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோது வெட்ட ஆள் கிடைக்கவில்லை. 2019இல் சுமார் 198 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் பாமாயில் உற்பத்தி, 2021இல் 181 லட்சம் டன்னுக்கு இறங்கியது. வேறு காரணங்களும் உண்டு; ஆனால் ஆள் பஞ்சம் பெரிய காரணம்.

மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' என்னும் கருவி, கம்பின் நுனியில் எஞ்சினால் ஆடும் அரிவாள். உயரம் குறைந்த மரத்தில் கை உளியைவிட இரண்டு மடங்கு வேகமாக வெட்டலாம். நெட்டை மரத்துக்கு எட்டாது. பத்து ஏக்கரில் 550, 600 மரம் இருக்கும். இரண்டு மூன்று நாளில் சுற்று முடிந்துவிடும். பிறகு அடுத்த சுற்று வரை மெஷின் மூலையில் கிடக்கும். தனியாக வாங்கி என்ன லாபம்? நான்கு பேர் கூட்டாக வாங்குங்கள், இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள்.

இனி ஆட்கள் கதைக்கு வருகிறேன். கெடா மாநிலத்து மூடா வயல்களில் 1970 முதல் அணைத் தண்ணீர் வந்து, வருஷத்துக்கு இரு போகம் விளைந்தது. விளைச்சலைக் கூட்டியது தண்ணீர்தான். இரண்டு போகத்துக்கும் நடுவே அவகாசம் குறைவு என்பதால் பின்னாலேயே பெரிய அறுவடை இயந்திரம் வந்தது. 1980க்குள் ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கு நெல்லை அதுதான் அறுத்தது. ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அங்கே ஒரு கிராமத்தில் தங்கி இதையெல்லாம் எழுதியிருக்கிறார். மெஷின் வைத்து அறுத்தவர் வயலில் நாற்று நட மாட்டோம் என்று மலாய்ப் பெண்கள் ஒதுங்கிப் பார்த்தார்கள். வெளியூர் ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அது நிலைக்கவில்லை. அறுப்புக் கூலி போயிற்று; வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோவதும் போயிற்று.

என் அம்மா தோட்டத்தில் சாக்குப் பையோடு உதிரிப் பழம் பொறுக்கியவர். குனிந்து குனிந்து இடுப்பே போய்விட்டது. எண்ணெய் அதிகம் உள்ளது அந்த உதிரியில்தான். வெட்டுகிறவர் இரண்டு மடங்கு வேகமாகப் போனால் பின்னால் பொறுக்குகிறவர் எப்படி ஈடு கொடுப்பார்? பாதி புல்லுக்குள்ளேயே கிடக்கும். மெஷின்காரரிடம் டன்னுக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். பொறுக்குகிற அக்காவுக்கு எவ்வளவு என்று பல பேர் பேசுவதே இல்லை. அடுத்த சுற்றுக்கு ஆள் பேசும்போது அதையும் தனியாகப் பேசி முடியுங்கள்.

பிள்ளைகள் பரிசுக்குக் காத்திருக்கிறார்கள்.