நம்பிக்கையும் நோய் நீக்கமும்



மன உறுதி ஒன்றே நோயைத் தீர்த்துவிடும் என்பது அறிவியலுக்கு ஒவ்வாத கூற்று. காசநோய்க் கிருமியை அழிப்பது மருந்தே. ஆயினும், அம்மருந்தை இடைவிடாது உட்கொள்ளச் செய்வது நோயாளியின் நம்பிக்கையாகும்.

1956-ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கப்பெற்றது. ஏழை நோயாளிகளுள் ஒரு சாரார் சானடோரியத்திலும், மற்றொரு சாரார் தத்தம் வீட்டிலும் ஓராண்டு சிகிச்சை பெற்றனர். சானடோரியத்தில் ஓய்வும் ஊட்டமிக்க உணவும் கிடைத்தன. வீட்டில் அவை குறைவு. எனினும், இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர் என்பதை 1959-இல் வெளியான முடிவுகள் காட்டின. அதன் பின்னர் சிகிச்சையின் களம் மருத்துவமனையிலிருந்து இல்லத்திற்கு மாறிற்று; நோயாளியின் மனநிலையும் முதன்மை பெற்றது.

இன்று சிகிச்சைக் காலம் பொதுவாக 6 மாதங்கள். சில வாரங்களில் காய்ச்சல் தணிந்ததும், குணமாகிவிட்டதெனக் கருதி மருந்தை நிறுத்துவோர் உளர். மனம் தளர்ந்து நிறுத்துவோரும் உளர். இருவரிடத்தும் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகக்கூடும். நீடித்த கவலையோ பசியையும் உறக்கத்தையும் குறைத்து, உடலின் எதிர்ப்பாற்றலையும் தளர்த்தும்.

2018 முதல் காசநோயாளிகளுக்கு அரசு ஊட்டச்சத்து உதவித்தொகை வழங்கி வருகிறது. அத்தொகையுடன், “இந்நோய் தீரும், மருந்தை நிறுத்தாதீர்கள்” என்னும் சொல்லும் அவர்களைச் சென்றடைதல் வேண்டும். அச்சொல்லுக்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. பரிவு ஒன்றே போதும்.