கூதிர்காலக் காலை நடை



ஐப்பசித் திங்களில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் வீட்டுக்குள் இருப்பவர் பெரியதோர் இன்பத்தை இழக்கிறார் என்பது என் கருத்து. நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றனர். குளிர்நாடுகளில் இதே நாட்களில் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். நம் கரிசல் நிலத்திலோ வடகிழக்குப் பருவமழையால் புல் தழைக்கும். அந்தப் புல்வெளியில் உலாவி வர எனக்கு வாய்த்த துணை ஒரு சிப்பிப்பாறை நாய்.

ஒடுங்கிய முகமும், உள்வாங்கிய வயிறும், நெடிய கால்களும் உடைய அந்த நாயினம் தென்பாண்டிச் சீமையில் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்த வேட்டை குற்றமாயிற்று. சட்டம் நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. ஆகவே கயிற்றைக் கையில் இறுகப் பற்றிக்கொண்டே நடப்பேன்.

ஒரு நாள் கண்மாய்க் கரையில் ஏறினோம். ஏறிய உடனே ஆள்காட்டிக் குருவி கூக்குரலிட்டு எங்கள் வருகையை ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டது. நீரோரத்தில், வடக்கேயிருந்து வலசை வந்த வாலாட்டிக் குருவிகள் ஓடியோடி இரை பொறுக்கின. கரையிறங்கிப் புல்வெளியை அடைந்தபோது நாய் சட்டென்று நின்று, தலையைத் தாழ்த்தி எதையோ மோந்தது. குனிந்து பார்த்தேன். குருதித் துளி போன்ற பட்டுப்பூச்சி ஒன்று ஈரமண்ணில் ஊர்ந்துகொண்டிருந்தது. பெயர்தான் பூச்சியே தவிர, எட்டுக் கால்களுடைய அது சிலந்திக்கு உறவு. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்து, மழைக்குப் பின் வெளிவருவது.

அதைப் பார்த்து நிமிரும்போதுதான் கண்டேன். பூச்சிக்கு ஒரு சாண் தொலைவில், புற்கற்றை நடுவே, இமைக்காத ஒரு கண்! என் கைப்பிடியளவே இருந்த முயற்குட்டி காதுகளை முதுகோடு ஒட்டி, கல்லைப் போல் அமர்ந்திருந்தது. முயல் வேட்டைக்குப் பிறந்த நாயின் முகம் அதன் அருகிலேயே இருந்தது. ஆயினும் நாய் அதை அறியவில்லை. சிப்பிப்பாறை பெரிதும் கண்ணால் வேட்டையாடும் இனம், ஓடுவதைத் துரத்தும். முயற்குட்டியோ ஓடாது, அதன் உடலில் வாசனையும் மிகக் குறைவு. அசையாமையே அதற்கு அரண். மெல்ல நாயை இழுத்துக்கொண்டு விலகினேன்.

விலகும்போது பழைய நினைவொன்று நெஞ்சைச் சுட்டது. சிறுவனாக இருந்தபோது இத்தகைய குட்டி ஒன்றைக் கண்டு, தாயற்றதென்று இரங்கி வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். பசும்பாலைத் துணித்திரியில் நனைத்து ஊட்டினேன். மூன்றாம் நாள் அது இறந்தது. அது தாயற்ற குட்டியன்று என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே நூல்களில் படித்து அறிந்தேன். நாம் வீட்டில் வளர்க்கும் முயல் வேறினம். அதன் குட்டிகள் கண் திறவாமல், மயிரின்றிப் பிறக்கின்றன. காட்டு முயலின் குட்டியோ கண் திறந்து, மயிர் போர்த்துப் பிறக்கிறது. தாய் பகலெல்லாம் அருகில் இருந்தால் அதுவே பகைவருக்குத் தடம் காட்டிவிடும். எனவே குட்டியைத் தனியே விட்டு அகன்று, இருள் சூழும் வேளையில் வந்து பாலூட்டிச் செல்லும்.

அன்று மாலை நாயை வீட்டில் கட்டிவிட்டு, கரைமேல் தொலைவில் தனியே காத்திருந்தேன். வெளிச்சம் மங்கியது. பிடரியில் கருந்திட்டுடைய பெரிய முயல் ஒன்று தத்தித் தத்தி வந்து, நாற்புறமும் செவி சாய்த்தது. குட்டி புல்லிலிருந்து எழுந்து ஓடி அதன் வயிற்றை முட்டியது. சில நிமிடங்கள்தாம், தாய் மீண்டும் இருளில் மறைந்தது. அந்தச் சில நிமிடங்களைத்தான் அன்றொரு நாள் நான் ஒரு தாயிடமிருந்து பறித்திருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது.

மாணவ நண்பர்களே! மழை விட்டதும் வெளியே செல்லுங்கள். நாயையும் அழைத்துச் செல்லுங்கள். நாம் காணாமல் கடப்பவற்றில் பலவற்றை அது காட்டித் தரும். ஆனால் கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். தனித்திருக்கும் குட்டியைக் கண்டால், நாயின் வாயை மட்டுமன்று, உங்கள் இரக்கத்தையும் சற்றே கட்டிப் பிடியுங்கள். தாய் இருட்டும்வரை காத்திருக்கிறது.